எட்டாம் நாள் வந்த மீன்

கலா என்னிடம் கடைசியாகக் கேட்டது ஓர் அளவு. மீன்தொட்டியின் வாயை அளந்து சொல்லும்படி கேட்டாள். வியாழக்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். நான் ஒரு நில அளவையாளரிடம் வரைபடம் வரையும் வேலை செய்பவன். அதனால் வீட்டில் எதை அளப்பதென்றாலும் அது என் தலையில் விழும். நாடாவைப் பிடித்துக் கண்ணாடியின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புவரை பார்த்து, “முப்பத்தஞ்சேகால், பதினேழரை” என்றேன். அவள் பேனையைத் திறந்து அந்த இரண்டு எண்களையும் இடது உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். கடதாசி பக்கத்திலேயே கிடந்தது.

“ஆய்வுகூடத்திலை நாள் முழுக்கக் கை கழுவுறனீர். உது நிக்குமே?”

“கையுறை போடுறனான்தானே. நிக்கும். பின்னேரம் வரேக்கை வலை வாங்கி வாறன்.”

வலை தொட்டிக்கு மூடி செய்வதற்கு. வரப்போகிற மீன் பாயுமாம். ஏதாவது நிழல் விழுந்து பயந்துவிட்டால் நேரே மேலே பாய்ந்து வெளியில் விழுந்து செத்துப்போகுமாம். அப்படிப்பட்ட மீன் எதற்கு என்று கேட்டேன். “பயந்ததுகளுக்கும் ஒரு இடம் வேணுமெல்லே” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கொழுவினாள். ஸ்கூட்டி வாசல் படலையைத் தாண்டும்போது ஹோர்னை ஒருமுறை அடித்தாள். தினமும் அடிப்பது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் வீடு உரும்பிராயில். தோட்டக்காரக் குடும்பம், பரம்பரையாகச் சைவச் சாப்பாடு. மீன், இறைச்சியைக் குறிக்கும் மச்சம் என்ற சொல்லைக்கூட அப்பா சாப்பிடும் நேரத்தில் வாயில் எடுக்கமாட்டார். கலா பருத்தித்துறை. அவளுடைய அப்பா சீவரத்தினம் ஐம்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். எங்கள் கலியாணத்துக்கு என்னுடைய அப்பா தியாகலிங்கம் வந்தார், ஆனால் சாப்பிடவில்லை. பதினொரு வருடம் கலா இந்த வீட்டில் எங்களைப் போலவே சாப்பிட்டாள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தாய்வீட்டுக்குப் போவாள். அங்கே சாப்பிடுவதை அங்கேயே சாப்பிட்டு, தலைக்கும் தோய்ந்து குளித்துவிட்டுத்தான் திரும்பி வருவாள். யாரும் சொல்லி அவள் அப்படிச் செய்யவில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவுமில்லை. இதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

பிள்ளைகள் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்பு அவள் விறாந்தைக்கு அடுத்த அறையில் கடல்நீர்த் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தபோது அப்பா, “மச்சம் வீட்டுக்குள்ளை வந்திட்டுது. அதுவும் லைற் போட்டு” என்றார். தண்ணீர் வற்றும்போது எங்கள் கிணற்று நீரை ஊற்றலாமே என்று அவர் கேட்டதற்கு, தோட்டத்து உரமெல்லாம் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது, பாசி பிடிக்கும் என்று அவள் சொல்லிவிட்டாள். அது அவருக்குச் சுட்டுவிட்டது. “எங்கடை பாட்டன் பூட்டன் குடிச்ச தண்ணி, உந்த விரல் நீள மீனுக்குக் கூடாதாம்” என்று ஒரு மாதம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பிறகு தானாகவே சந்திக் கடையிலிருந்து வடிகட்டிய தண்ணீர் வாங்கிவரத் தொடங்கினார். கடல்நீர் வற்றினால் நன்னீர்தான் ஊற்றவேண்டும், உப்பு வற்றுவதில்லை என்று அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். கண்ணாடியில் அவள் கீறிவைத்த கோட்டுக்கு அளவாகச் செம்பால் ஊற்றுவது அவருடைய காலை வேலையாயிற்று. தொலைக்காட்சியைப் பார்த்திருந்த அவருடைய கதிரை மெல்ல மெல்லத் தொட்டிப் பக்கம் திரும்பியது.

கடல்நீர் என் மாமா சீவரத்தினம் கொண்டுவருவது. இரண்டு கிழமைக்கு ஒருதரம், இரண்டு பிளாஸ்டிக் கான் நிறைய. “கரைத் தண்ணி வேண்டாமப்பா, வெளியிலை போய் அள்ளுங்கோ” என்று மகள் சொன்னதை அவர் ஒரு நேர்த்திக்கடன்போல வைத்திருந்தார்.

அந்தத் தொட்டியில் ஐந்து உயிர்கள் இருந்தன. வெள்ளைப் பட்டி போட்ட கோமாளி மீன்கள் இரண்டு, சோடி. மணலில் வாழும் வெளிர்நிற மீன் ஒன்று. அதோடு ஒரே வளைக்குள் குடியிருக்கும் சிறிய இறால் ஒன்று. இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது வளை தோண்டும், மீன் வாசலில் காவல் நிற்கும். இறாலின் மீசை ஒன்று எப்போதும் மீனின் உடம்பைத் தொட்டபடியே இருக்கும். இரவில் அந்த இறால் கையைச் சொடுக்கும் சத்தம் படுக்கையறைவரை கேட்கும். ஐந்தாவது, மற்றவற்றின் உடம்பைத் துப்புரவாக்கும் சிவப்பு வெள்ளை இறால். இன்னும் ஒரே ஒரு மீனுக்குத்தான் தொட்டியில் இடம் இருக்கிறது என்று கலா கணக்குப் பார்த்துவைத்திருந்தாள். அந்த ஒன்றைத் தெரிவுசெய்ய அவள் ஏழு மாதம் எடுத்தாள்.

எந்த மீன் எங்கே படுக்கும், எது என்ன சாப்பிடும், எது எந்த மூலையைத் தன்னுடையது என்று நினைக்கும் என்று ஒவ்வொரு மாலையும் வாசித்துக்கொண்டிருப்பாள். அப்பா கதிரையிலிருந்து, “பொருத்தம் பாக்கிறாளடா மீனுக்கு. உங்கடை ரெண்டு பேருக்கும் உவ்வளவு பாக்கேல்லை” என்பார். “அதுதான் மாமா நாங்கள் ஒழுங்கா இருக்கிறம்” என்று அவள் திருப்பிக்கொடுப்பாள். எனக்கு ஒரு நீல மீனைப் பிடித்திருந்தது. கைப்பேசியில் காட்டினேன். அது சின்ன உருவத்துச் சண்டியன் என்று தள்ளிவிட்டாள். வண்ணாத்திப்பூச்சி போன்ற மஞ்சள் மீன் பவளத்தைக் கொறித்தே வாழும், எங்கள் தொட்டியில் பவளம் இல்லை. கிளாத்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்; நண்டின் ஓட்டையே உடைக்கிற பல்லுக்காரன், இரண்டு இறாலும் ஒரு கிழமை தாங்காது. “அப்ப உதுகள் எல்லாம் கூடாத மீனோ” என்றேன்.

“நல்லது கூடாதது எண்டு ஒண்டும் இல்லையப்பா. இந்த ஆக்களோடை இருக்குமோ எண்டதுதான்.”

கடைசியில் அவள் எடுத்த முடிவு, முன்பாதி வெள்ளையும் பின்பாதி நெருப்பு நிறமுமான ஒரு சிறிய மீன். முதுகில் நூல்போல நீண்ட ஒரு செட்டை. யாழ்ப்பாணத்தில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் டிலக்ஷன் என்ற பெடியன் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவதாகச் சொல்லியிருந்தான்.

அந்த வியாழக்கிழமை பத்தரை மணிக்கு, ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் முன்னாலிருந்து எழும்பி, தலை இடிக்கிறது என்று பக்கத்திலிருந்த பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் அவள் கதைத்தது. மூளைக்குள் இரத்தக்குழாய் ஒன்று வெடித்துவிட்டது என்றார்கள். நாற்பது வயது ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் மூச்சு இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டிருக்க என்னை விட்டார்கள். உள்ளங்கையில் அந்த இரண்டு எண்களும் அழியாமல் இருந்தன.

எங்கள் பக்கத்தில் எட்டுச் செலவு என்று ஒன்று உண்டு. எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்து இலையில் படைப்பது. மச்சம் சாப்பிட்டவருக்கு மச்சமும் படைப்பார்கள். ஆறாம் நாள் கலாவின் அம்மா, சின்னாச்சி மாமி, தொலைபேசியில் என்னோடு கதைத்தார். “சுறா வறை ஒரு பிடி, இறால் பொரியல் ஒரு பிடி. நான் இஞ்சையிருந்து சமைச்சுக் கொண்டாறன் தம்பி. உள்ளுக்கு வேண்டாம். முத்தத்திலை வைச்செண்டாலும் படைக்கலாம்.” நான் அப்பாவிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “இந்த வளவுக்குள்ளை ஒருநாளும் நடக்கேல்லையடா” என்றார். நான் அதை மாமியிடம் சொன்னேன். “சரி தம்பி” என்றார். 

எட்டாம் நாள் பின்னேரம் கத்தரிக்காய்க் குழம்பும் வடையும் பயற்றம் பணியாரமும் படைத்தோம். பருத்தித்துறையிலிருந்து யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு இலையை எடுக்கிற நேரத்தில் ஓட்டோ ஒன்று படலையில் வந்து நின்றது. மாமா தனியாக இறங்கினார். நெஞ்சோடு அணைத்தபடி ஒரு வாளி. ஒரு கை வாளியைப் பிடித்திருக்க மற்றக் கை முழங்கைவரை தண்ணீருக்குள் இருந்தது. அந்தக் கையால் தண்ணீரை அளைந்துகொண்டே நடந்துவந்தார்.

“வழி முழுக்க அளைஞ்சு கொண்டு வந்தனான். காத்துப் போகோணுமெல்லே” என்றார். கை வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது.

வாளிக்குள் விரல் நீளத்தில் ஒரு கிளாத்திக் குஞ்சு. சாம்பலும் மஞ்சளும் நீலமுமாக, யாரோ பென்சிலால் கோடு கீறிவிட்டது போன்ற முகம்.

படியில் ஏறாமல் முற்றத்திலேயே நின்று, என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். “செத்த மீன் உங்கடை படலை தாண்டக்கூடாது. சரி. உது உயிரோடை இருக்கு. உயிரோடை இருக்கிறது உங்கடை வீட்டிலை ஏற்கெனவே இருக்குத்தானே. என்ரை பிள்ளைக்கு நான் ஏதும் வைக்கோணும்.”

சொந்தக்காரர் நாலைந்து பேர் விறாந்தையில் இருந்தார்கள்.  அப்பா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

“உள்ளுக்குக் கொண்டு வாங்கோ சம்பந்தி.”

பதினொரு வருடத்தில் அப்பா அவரைச் சம்பந்தி என்று கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

புதிய மீனை உடனே தொட்டியில் விடக்கூடாது. தொட்டித் தண்ணீரைக் கோப்பை கோப்பையாக வாளிக்குள் ஊற்றி, ஒரு மணித்தியாலம் பழக்கவேண்டும். கலா செய்வதைப் பார்த்திருக்கிறேன். நான் வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஊற்றினேன். மாமா தொட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். துடக்குக் கழிகிற முப்பத்தோராம் நாள் முடியாமல் தொழிலுக்குப் போவதில்லை, இதற்காக மட்டும் பாருக்குப் போனேன் என்றார். கரைக்கு அப்பால் அலை உடைகிற கற்பாறைத் திட்டைத்தான் அவர்கள் பார் என்பார்கள். இரண்டு நாள் தேடிப் பிடித்தாராம்.

“அவளுக்கு ஆறு வயசிருக்கும். வள்ளத்திலை தண்ணி இறைக்கிற பட்டைக்குள்ளை உதைப்போலை ஒண்டைக் கொண்டந்து குடுத்தனான். பேசினுக்குள்ளை விட்டு வைச்சுக் கொண்டு சாப்பிடவும் வரேல்லை, படுக்கவும் வரேல்லை. விடியச் செத்துப் போச்சு. மூண்டு நாள் என்னோடை கதைக்கேல்லை. எனக்கெண்டால் சிரிப்பு. ஐஞ்சாறு அந்தர் மீன் வாற வீட்டிலை ஒரு குஞ்சுக்கு அழுறாள் எண்டு.” ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தார். “கலியாணம் முடிச்சும் ஒருக்காச் சொன்னவள். அப்பா, எனக்கு நீங்கள் ஒரு கிளாத்தி கடன் எண்டு.”

எனக்கு இது தெரியாது. பதினொரு வருடத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதில்லை.

கிளாத்தி வேண்டாம் என்று அவளே சொன்னதை அவரிடம் சொல்ல அந்த ஒரு மணித்தியாலம் முழுவதும் எனக்கு நேரம் இருந்தது. கோப்பையால் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் மீனை உள்ளங்கையால் அணைத்துத் தொட்டிக்குள் விட்டேன். அது ஒருமுறை சுற்றிவந்து, கண்ணாடிக்குக் கிட்ட வந்து, ஒரு கண்ணை உருட்டி மாமாவைப் பார்த்தது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. செத்த வீட்டுக்குப் பிறகு அந்த முகத்தில் நான் கண்ட முதல் சிரிப்பு. நான் செய்தது சரிதான் என்று அப்போது நினைத்தேன்.

கிளாத்தி வந்த ஐந்தாம் நாள் சிவப்பு வெள்ளை இறாலைக் காணவில்லை. கல்லின் மேல் ஓடு மாத்திரம் கிடந்தது. இறால் ஓடு கழற்றும் என்று எனக்குத் தெரியும். கழற்றிவிட்டு ஒளித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அதற்கும் இரண்டு நாள் கழித்து, படுத்திருக்கும்போது ஏதோ ஒன்று குறைவதுபோல இருந்தது. என்னவென்று யோசித்தேன். சொடுக்குச் சத்தம் இல்லை. காலையில் பார்த்தால் மணல் மீன் வளையின் வாசலில் வழமைபோலக் காவல் நின்றது. உள்ளே இறால் இல்லை. அன்று முழுவதும் நின்றது, அடுத்த நாளும் நின்றது. தோண்ட ஆளில்லாமல் வளை மெல்ல மெல்ல மணலால் மூடிக்கொண்டு வந்தது.

மாமா இரண்டு நாளுக்கு ஒருதரம் தொலைபேசி எடுப்பார். “எப்பிடி இருக்கிறார் எங்கடை ஆள்?”

“நல்லா இருக்கிறார் மாமா.”

“சாப்பிடுறாரோ?”

“ஓம். நல்லாச் சாப்பிடுறார்.”

பொய் இல்லை. கிளாத்தி கொழுத்துக்கொண்டு வந்தது.

கோமாளிச் சோடியில் பெரியது மூன்றாம் கிழமை செத்தது. அதற்கு முன்பே இரண்டின் வாலும் செட்டையும் கிழிந்திருந்தன. நான் வேலையால் வந்தபோது அப்பா கொல்லையில் வாழைக்குக் கீழே மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பூவரசமிலை, இலையில் அந்த மீன். எழுபத்தொன்பது வயதில், வாழ்க்கையில் முதற்தடவையாகச் செத்த மீன் ஒன்றைக் கையால் தொட்டிருக்கிறார். மண்ணைத் தள்ளி மூடிவிட்டுக் கிணற்றடியில் கை கழுவினார். கழுவிக்கொண்டே கதைத்தார்.

“அந்த மனுசனிட்டைச் சொல்லு.”

“எப்பிடியப்பா சொல்லுறது? எட்டுக்கு வைச்சது.”

“மூண்டு வருசம் அவள் பாத்துப் பாத்து வைச்சதை உது ஒவ்வொண்டாத் திண்டு கொண்டிருக்கு. நீ ரெண்டு பக்கத்துக்கும் நல்ல பிள்ளையா இருக்கப் பாக்கிறாய். அண்டைக்கு மாமியிட்டை வேண்டாம் எண்டு சொல்லத் தெரிஞ்சுது. அது நான் சொன்னதை நீ காவினது. உன்ரை வாயாலை ஒண்டு சொல்லிப் பழகு.”

எனக்கு ஆத்திரம் வந்தது. “அண்டைக்கு ஒரு பிடி வறையை முத்தத்திலை வைக்க விட்டிருந்தால் உது வந்திராது” என்றேன்.

அவர் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காய்ந்த பிறகும் துடைத்தார். “ஓம்” என்றார் கடைசியில். “அதுவும் உண்மைதான்.”

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை கலாவின் கைப்பேசி அடித்தது. நான் அதை அணைக்காமல் வைத்திருந்தேன்.

“அக்கா, டிலக்ஷன். உங்கடை மீன் வந்திட்டுது. நல்ல வடிவான பீஸ்.”

நான் யாரென்றும் என்ன நடந்ததென்றும் சொன்னேன். அந்தப் பக்கத்தில் தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. “எனக்குத் தெரியாதண்ணை” என்றான். பிறகு, “ஞாயிற்றுக்கிழமைவரைக்கும் ஒருத்தருக்கும் குடுக்காமல் வைச்சிருக்கிறன். அக்கா கேட்டது. நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ” என்றான்.

தொட்டியில் ஒரு இடம். கலா கேட்டுவைத்த மீன் ஒரு கடையில் காத்திருக்கிறது. கலாவுக்கென்று அவளுடைய அப்பா கொண்டுவந்த மீன் இங்கே நிற்கிறது. இரண்டும் ஒரு தண்ணீருக்குள் ஒரு நாள் இருக்கமாட்டாது. அன்று வேலைக்குப் போகவில்லை. வலைக்கரண்டியோடு கிளாத்தியைப் பிடிக்க நின்றேன். அது கல் இடுக்கு ஒன்றுக்குள் போய்ப் படுத்துவிட்டது. வாலைப் பிடித்து மெல்ல இழுத்தேன். அசையவில்லை. முதுகு முள்ளை நிமிர்த்திக் கல்லோடு தன்னைப் பூட்டிவைத்திருந்தது. இன்னும் இழுத்தால் கிழியும். அவ்வளவு சிறிய உடம்பில் அப்படி ஒரு பிடிவாதத்தைக் கைவிரலில் உணர்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. எட்டாம் நாள் வராத அழுகை. தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டபடியே நின்று அழுதேன். அப்பா கதிரையில் இருந்தார். எழும்பி வரவில்லை, அறையை விட்டுப் போகவுமில்லை.

பிறகு மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இறால்கள் போனதையும் கோமாளி மீன் செத்ததையும் சொன்னேன். கிளாத்தி வேண்டாமென்று கலா என்னிடம் சொல்லியிருந்ததையும் சொன்னேன்.  

“கிளாத்தி என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாதோ தம்பி?” என்றார். “அம்பது வருசம் கடல்லை நிண்டனான். உவன் நண்டுக் கூட்டைக் கடிச்சு எடுக்கிறவன். எனக்குத் தெரியும். ஆனா அண்டைக்கு வேறை ஒண்டும் தோணேல்லை. நீங்கள் மாட்டன் எண்டு சொல்லுவியள் எண்டு நினைச்சுக் கொண்டுதான் ஓட்டோவிலை ஏறினனான். நீங்கள் சொல்லேல்லை.”

“நான் சொல்லியிருக்கோணும் மாமா.”

“சொல்லியிருந்தால் பிறகு நான் உங்கடை படலை மிதிச்சிருக்கமாட்டன். அதுவும் இருக்கு. சரி, விடுங்கோ. நாளைக்கு வாறன்.”

சனிக்கிழமை காலை வந்தார். அதே வாளி. கிணற்றடியில் சவர்க்காரம் போடாமல் வெறும் தண்ணீரில் கை கழுவினார், மகள் சொல்லிக்கொடுத்தது. சேட்டுக் கையைத் தோள்வரை சுருட்டி, தொட்டிக்குள் கையை இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். விரல்கள் மட்டும் கல் இடுக்குக்குள் போய்த் தேடின.

“முதுகிலை பெரிய முள்ளு ஒண்டு. அதுக்குப் பின்னாலை சின்ன முள்ளு ஒண்டு. பெரிசைப் பிடிச்சு என்னதான் அமத்தினாலும் மடங்காது. சின்னனை மெல்லத் தொட்டால் பெரிசு தானா மடங்கும். உவனுக்கு அதுதான் திறப்பு.” பிறகு குரலைத் தாழ்த்தி மீனோடு கதைத்தார். “வா ராசா. வா. காணும். வா.”

கை வெளியே வந்தபோது கிளாத்தி அவருடைய உள்ளங்கைக்குள் இருந்தது. உர்ரென்று ஒரு சத்தம் போட்டது. அப்பா கதிரையிலிருந்து முன்னுக்குச் சாய்ந்து, “உது கத்துதே?” என்று கேட்டார்.

“கத்தும் சம்பந்தி. பேசுறான். உங்கடை வீட்டுச் சாப்பாடு நல்லாப் பிடிச்சிட்டுது.”

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே போய், அவரே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து மாமாவிடம் நீட்டினார்.

நானும் மாமாவோடு ஓட்டோவில் பருத்தித்துறைக்குப் போனேன். வல்லை வெளியில் காற்று இரண்டு பக்கத்தாலும் அடித்தது. பாதி வழி அவர் அளைந்தார், பாதி வழி நான். கிளாத்தி என் விரலை ஒருமுறை கடித்துப் பார்த்தது. அவள் கேட்டுவைத்த மீன் எப்படி என்று மாமா கேட்டார். நிறத்தைச் சொன்னேன், பயந்த சுபாவம் என்று சொன்னேன். “நாளைக்குப் போய் எடுப்பியளோ?”

தெரியவில்லை என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. அவள் தெரிவுசெய்தது அந்த ஐந்து பேரோடு இருப்பதற்கு. இப்போது இருப்பது வால் கிழிந்த கோமாளி மீன் ஒன்றும் வளை இல்லாத மணல் மீன் ஒன்றும். இவர்களுக்கு எது பொருந்தும் என்று அவள் சொல்லிவைக்கவில்லை.

பங்குனிக் கடல் குளம்போலக் கிடந்தது. மாமா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் பாரின் விளிம்புவரை நடந்தார். வாளியைச் சரித்தார். மீன் உடனே போகவில்லைப் போலிருக்கிறது. குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். வாளி வெறுமையாகி மிதந்த பிறகும், எனக்கு முதுகைக் காட்டியபடி அங்கேயே நின்றார். நான் கரையில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை.

மாமா வீட்டுக்கு வந்தபோது குசினியில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று கழிந்துவிட்டது, வழமைக்குத் திரும்பவேண்டிய வீடு. சின்னாச்சி மாமி மெலிந்து போயிருந்தார். என்னைக் கண்டதும் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இருங்கோ தம்பி, சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்” என்றார். எட்டுச் செலவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் கதைக்கவில்லை. நான் வாசலில் இருந்தபடி குசினிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் முதலில் கையைத் தேய்த்துக் கழுவினார். பிறகு கதிரை ஒன்றில் ஏறி, கூரை மரத்தில் தனியாகத் தொங்கிய உறியிலிருந்து ஒரு சின்ன மண்சட்டியை இறக்கினார். கலியாணம் முடித்து நான் முதன்முதலாக அந்த வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று எனக்கென்று வாங்கிய சட்டி. அதற்கென்று ஒரு சிரட்டை அகப்பை, அதற்கென்று ஒரு மூடி. மற்றச் சட்டிகள் கழுவுகிற இடத்தில் அதைக் கழுவமாட்டார். மீன் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி அப்பால் தள்ளி வைத்துவிட்டு, அடுப்புக்கல்லை நனைத்த துணியால் துடைத்தார். சட்டியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒருமுறை மணந்து பார்த்தார். பிறகு அதை அடுப்பில் வைத்து, பருப்புக்குத் தண்ணீர் ஊற்றினார்.